ரேஸ் ஓட்ட உடம்பைத் தயார் செய்வது எப்படி: ஒரு பி.டி. மாஸ்டரின் வழிமுறை

"கார்தானே ஓடுது, ஓட்டுறவன் உட்கார்ந்துதானே இருக்கான், இதுல என்னங்க விளையாட்டு?"

கோயம்புத்தூர் பக்கம் கபடி ஆடும் பிள்ளைகளுக்கும் கார்ட் என்ற சின்னத் திறந்த பந்தய வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன் நான். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்களில் பாதிப் பேர் கார்ட் ஓட்டும் பிள்ளைகளின் அப்பா அம்மாதான். பிள்ளையைக் காலையில் டிராக்கில் கொண்டுவந்து விடுவார்கள், "ஓடுறது, தண்டால் எடுக்கிறது எல்லாம் இவனுக்கு எதுக்கு மாஸ்டர்?" என்றும் கேட்பார்கள்.

எது விளையாட்டு என்பதற்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பேரில், உடம்பைத் தயார் செய்தவன் தயார் செய்யாதவனைத் தொடர்ந்து ஜெயிக்கிறானா? அப்படியானால் அது விளையாட்டு. கார் பந்தயத்தில் இது நடக்கிறது, அதுவும் கடிகாரத்தில் தெரிகிற மாதிரி நடக்கிறது. இதை வாதாடிப் புரியவைப்பதைவிட, முதல் கார்ட் பந்தயத்துக்கு ஒருவர் எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்லிவிடுவதே சுலபம். செய்து பார்க்கிறவருக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் அடிப்படை ஒன்றுதான். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

வாடகைக் கார்ட் கிடைக்கும் இடம் இப்போது எல்லாப் பெரிய ஊர்களிலும் உண்டு. சில நூறு ரூபாய்க்குப் பத்து நிமிடம் ஓட்டலாம். அந்தப் பத்து நிமிடம் போதாது. இரண்டு டிக்கெட் சேர்த்து வாங்கி, நடுவில் இறங்காமல் இருபது நிமிடம் ஓட்ட முடியுமா என்று கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் சந்தோஷம்தான் இருக்கும். உடம்பு பேசத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

ஏறுவதற்கு முன் ஒரு விஷயம். துப்பட்டா, ஸ்கார்ஃப், கழுத்தில் தொங்கும் ஐ.டி. கயிறு, எதுவும் கூடாது. நீளமான முடியை இறுக்கிக் கட்டி, சட்டைக்குள் விட்டு, அதற்கு மேல் ஹெல்மெட் போடுங்கள். கார்ட்டின் பின் அச்சு உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்த நிலையில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் துணியும் கூந்தலும் சிக்கி உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. டிராக்கில் இருக்கிறவர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் சொல்ல மறந்தாலும் நீங்கள் மறக்கக்கூடாது.

கார்ட்டில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் இல்லை. தரையில் இருக்கும் ஒவ்வொரு மேடும் இருக்கை வழியாக நேராக முதுகெலும்புக்கு வரும். திருப்பத்தில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரமும் போக வேண்டும் அல்லவா? ஒரே அச்சு என்பதால் அது முடியாது. ஆகவே உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு நூல் அளவுக்காவது தூக்கினால்தான் கார்ட் ஒழுங்காகத் திரும்பும். அதைத் தூக்குவது உங்கள் கையும் உடம்பும்தான். ஸ்டீயரிங்கைத் திருப்பும் பலமும், உங்கள் எடை வெளிப்பக்கம் சாய்வதும் சேர்ந்துதான் அந்தச் சக்கரம் எழும்புகிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் இதைச் செய்ய வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் பைக் ஓட்டிய பழக்கத்தில் வளைவுக்குள் சாய்வார்கள். அது கார்ட்டைக் கெடுக்கும். முதுகு இருக்கையில் ஒட்டியிருக்கட்டும். தோள் நேராக இருக்கட்டும். கடிகாரத்தில் ஒன்பதே கால் மணிக்கு முள் எப்படி இருக்குமோ அப்படி ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். வளைவில் இறுக்கிப் பிடியுங்கள், நேர் பாதை வந்ததும் விரல்களைத் தளர்த்துங்கள். அந்த இரண்டு மூன்று நொடிதான் உங்கள் முன்கைக்குக் கிடைக்கும் ஓய்வு. இடது கால் பிரேக், வலது கால் ஆக்சிலரேட்டர், கிளட்ச் கிடையாது. வாடகைக் கார்ட்டுகளில் பொதுவாகப் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். அதனால் வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். திருப்பிக்கொண்டே மிதித்தால் பின்பக்கம் சுற்றிவிடும்.

நேரச் சீட்டில் பதில் இருக்கிறது

ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு சீட்டு தருவார்கள், அல்லது செல்போனுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் அதில் மிகக் குறைந்த நேரத்தை மட்டும் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நான் கடைசி நான்கு சுற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. நன்றாக ஓட்டுவாள், பயமே கிடையாது. அவளுடைய சீட்டு ஏறத்தாழ இப்படி இருக்கும்: 39.4, 38.9, 38.6, 38.7, 38.6, 38.8, 39.1, 39.5, 39.9, 40.3. முதல் பாதியில் அந்தக் கூட்டத்திலேயே வேகமானவள், முடியும்போது ஆறாவதாக வருவாள். "டயர் சூடாகிப் பிடிப்பு போயிடுது மாஸ்டர், டயர்தான் பிரச்சினை" என்று அவள் அப்பா உறுதியாகச் சொன்னார். சொன்னதில் நியாயம் இருக்கிறது, டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும், பிடிப்பு மாறும். சரி, பார்த்துவிடலாம் என்று அவள் இறங்கிய உடனே, டயர் ஆறுவதற்குள், அவளைவிட எடை கூடிய ஒரு சீனியர் பையனை அதே கார்ட்டில் உட்கார வைத்தோம். அவன் 38.7 ஓட்டினான்.

இதற்குள் அவள் ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தாள். தாடைக்குக் கீழே இருக்கும் இரட்டை வளையத்திலிருந்து பட்டையை உருவ வேண்டும், அவ்வளவுதான். விரல் மடங்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றைத் தொட்டால் மற்றது நழுவுகிறது. முன்கையைத் தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் வேறெதுவும் பேசவில்லை, தானே பட்டையைக் கழற்றிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து அவளைச் சரியாக ஐந்தரை மணிக்கு மைதானத்தில் கொண்டுவந்து விட்டார்.

அந்தப் பருவம் முழுக்க அவளுக்கு நான் கார்ட் ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கை, கழுத்து, மூச்சு, இது மூன்றுதான் சொல்லிக்கொடுத்தேன். பருவம் முடியும்போது அவளுடைய கடைசிச் சுற்றும் நான்காவது சுற்றும் பத்தில் இரண்டு நொடிக்குள் இருந்தன. உங்கள் சீட்டிலும் முதல் பாதிச் சராசரியையும் கடைசி நான்கு சுற்றின் சராசரியையும் போட்டுப் பாருங்கள். கடைசிச் சராசரி அரை நொடிக்கு மேல் கூடியிருந்தால் நீங்கள் காரைக் குறை சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

கை

முன்கைக்கு என் முதல் மருந்து கர்லாக்கட்டை. நம் ஊர்ச் சாமான், சிலம்பக் கூடங்களில் இன்றும் இருக்கிறது. தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றி முன்னால் கொண்டுவரும்போது பிடி, முன்கை, தோள், முதுகு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கார்ட் ஓட்டும்போதும் இவை தனித்தனியாக வேலை செய்வதில்லை, அதனால்தான் ஜிம்மில் ஒவ்வொரு தசைக்கும் ஒரு மெஷின் என்று செய்வதைவிட இது பொருத்தமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு மிக இலேசான கட்டை. பெரியவர்களும் கனமான கட்டையில் தொடங்க வேண்டாம், தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

கர்லாக்கட்டை கிடைக்காவிட்டால் ஒரு பழைய குளியல் துண்டு போதும். தண்ணீரில் நனைத்துப் பிழியுங்கள், இரண்டு திசையிலும் மாற்றி மாற்றி. அப்புறம் ஒரு முழக் கம்பின் நடுவில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டு, கையை முன்னால் நீட்டிக் கம்பை உருட்டிச் செங்கல்லை மேலே ஏற்றுங்கள், அதேபோல் மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போதுதான் பலன் அதிகம். வாரத்தில் மூன்று நாள் போதும். தினமும் செய்தால் மணிக்கட்டு வலி வரும்.

உலகக் கார் பந்தயங்களில் உச்சமான ஃபார்முலா ஒன்னின் 1991 பிரேசில் பந்தயத்தில், அந்த நாட்டு வீரர் அயர்ட்டன் சென்னா கியர்பாக்ஸ் பழுதாகிக் கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டி ஜெயித்தார். தோளும் கையும் பிடித்துக்கொண்டு அவரால் தானாகக் காரிலிருந்து இறங்க முடியவில்லை, மேடையில் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கவே திணறினார். அந்தக் காலக் கார்களில் பவர் ஸ்டீயரிங் பரவலாக வரவில்லை. ஃபார்முலா ஒன்னில் இப்போது இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு படி கீழே இருக்கும் ஃபார்முலா டூவில் இன்றும் இல்லை. மேலே போக நினைக்கிறவன் அந்தப் படியைக் கையால்தான் தாண்டியாக வேண்டும்.

கழுத்து

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாம் உட்கார்ந்திருக்கும்போது பூமி நம்மைக் கீழே இழுக்கும் விசையை 1 ஜி என்பார்கள். வளைவில் திரும்பும்போது அதே மாதிரி ஒரு விசை பக்கவாட்டில் இழுக்கும். நல்ல பந்தயக் கார்ட் ஒன்றில் அது 2 ஜி அளவுக்குப் போகும். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ, ஹெல்மெட் ஒன்றரைக் கிலோ. அப்படியானால் 13 கிலோ தலையைப் பக்கவாட்டில் இழுக்கிறது, ஒவ்வொரு வளைவிலும். ஃபார்முலா ஒன்னில் வேகமான வளைவுகளில் இது 5 ஜி வரை போகும், அதாவது 30 கிலோவுக்கு மேல். பிரேக் பிடிக்கும்போது அதே கனம் முன்னால் இழுக்கும், அங்கே பிரேக் பெடலை 100 கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் மிதிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இப்படி. கழுத்து தளர்ந்து தலை சாய்ந்தால் கண் சாயும், கண் சாய்ந்தால் வளைவின் உட்புள்ளி, அதாவது வண்டி உள்பக்க ஓரத்தை ஒட்டிப் போக வேண்டிய இடம், எங்கே என்று தப்பாகத் தெரியும்.

பயிற்சி எளிது, எந்தக் கருவியும் வேண்டாம். உள்ளங்கையைக் காதுக்கு மேல் வைத்துத் தலையைக் கைக்கு எதிராகத் தள்ளுங்கள், கையும் அதே பலத்தில் எதிர்க்கட்டும். தலை அசையக்கூடாது. பத்து நொடி வைத்து விடுங்கள். வலம், இடம், நெற்றி, பின்மண்டை, நான்கு பக்கமும் ஐந்து முறை. ஒரு மாதம் கழித்து ரப்பர் பேண்டைத் தலையில் மாட்டி, நண்பர் பக்கவாட்டில் இழுக்க, நீங்கள் தலையை நேராக வைத்திருக்கலாம். மல்யுத்த வீரர்கள் தலையைத் தரையில் ஊன்றிப் பாலம் போடுவார்களே, அதை வளரும் பிள்ளைகள் செய்யவே கூடாது. வீடியோ பார்த்துச் செய்கிறார்கள், நான் பார்த்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பெரியவர்களின் சின்ன சைஸ் ஹெல்மெட்டைப் பிள்ளைக்குப் போடாதீர்கள். பந்தயம் ஓட்டும் பிள்ளைகளுக்கென்றே எடை குறைவான ஹெல்மெட்டுகள் 'சி.எம்.ஆர்.' தரச் சான்றுடன் வருகின்றன, உள்ளே ஸ்டிக்கர் இருக்கும். விலை கூடுதல்தான். காரின் வேறு எந்தப் பாகத்துக்குப் பணம் செலவழிப்பதற்கும் முன்னால் இதற்குச் செலவழியுங்கள். அதோடு விலாக் கவசமும். கார்ட் இருக்கையின் விளிம்பில் விலா எலும்பு மோதி விரிசல் விடுவது இந்த விளையாட்டில் மிகச் சாதாரணமான காயம்.

மூச்சு

கபடிப் பிள்ளைகளிடமிருந்து நான் கார்ட் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த ஒன்று உண்டென்றால் அது இதுதான். ரைடு போகிறவன் பாட்டை விடாமல் பாட வேண்டும், அதற்காக மூச்சை அளந்து வெளியே விடப் பழகுவான். எவ்வளவு பதற்றமானாலும் மூச்சு அவன் கட்டுப்பாட்டில்தான் இருக்கும். கார்ட் ஓட்டும் புதிய பிள்ளைகள் வளைவுக்குள் நுழையும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கே தெரியாது. ஒரு சுற்றில் பத்து வளைவு இருந்தால் பத்து முறை மூச்சு நின்று போகிறது. எட்டாவது சுற்றில் நெஞ்சு அடைக்கிறது, கை நடுங்குகிறது, பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கத் தொடங்குகிறார்கள்.

மருந்து இதுதான்: பிரேக்கை மிதிக்கும்போது மூச்சை வெளியே விடத் தொடங்குங்கள், வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது உள்ளே இழுங்கள். முதலில் கார்ட்டில் முயல வேண்டாம். பஸ்கி எடுக்கும்போது பழகுங்கள், இறங்கும்போது உள்ளே, எழும்போது வெளியே. அப்புறம் மைதானத்தில் ஓடும்போது திருப்பங்களில் பழகுங்கள். என் கார்ட் பிள்ளைகளை நான் கபடியே ஆட வைப்பதுண்டு. காயம் படாமல் இருக்கப் பிடிக்கும் பகுதியை விட்டுவிட்டு, பாடிக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டுத் திரும்புவது மட்டும்.

ஓட்டமும் வேண்டும். உட்கார்ந்திருப்பவனுக்கு எதற்கு ஓட்டம் என்று கேட்பவர்களிடம் மார்பில் பட்டை கட்டி அளக்கும் இதயத் துடிப்புக் கருவியைப் பந்தயத்தின்போது பிள்ளைக்குக் கட்டிவிட்டு, பிறகு எண்ணைப் பார்க்கச் சொல்வேன். 160, 170 என்று நிமிடக்கணக்கில் நிற்கும். அதில் பாதி உழைப்பு, பாதி பதற்றம் என்று வைத்துக்கொண்டாலும், இதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடினால் போதும். நீச்சல் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெயில்

'உடம்புக்கு இதில் என்ன வேலை' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உதாரணம் 2023 அக்டோபரில் கத்தார் நாட்டின் லுசைல் டிராக்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம். வழக்கமாக டயர் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் ஓட்டுநர்கள் நடுநடுவே வேகத்தைக் குறைத்து டயரைக் காப்பாற்றுவார்கள், அதில் உடம்புக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அன்றைக்குப் பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு செட் டயரில் 18 சுற்றுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்துவிட்டார்கள். மொத்தம் 57 சுற்று. டயரைக் காப்பாற்றத் தேவையே இல்லை, முழு வேகத்தில் ஓட்டலாம். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த இரவு அது. என்ன ஆனது? எஸ்டபான் ஓக்கான் ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டே ஓட்டினார். லோகன் சார்ஜென்ட் உடம்பு தாங்காமல் பாதியில் நிறுத்தினார். லான்ஸ் ஸ்ட்ரோல் காரிலிருந்து இறங்கித் தள்ளாடினார். அலெக்ஸ் ஆல்பன் வெப்பத் தாக்கத்துக்காக மருத்துவ மையத்துக்குப் போனார். காரும் டயரும் தாக்குப்பிடித்தன, மனிதர்கள்தான் தாக்குப்பிடிக்கவில்லை. இதற்குப் பிறகுதான் ஓட்டுநருக்குக் குளிர்ச்சி தரும் உடுப்பை உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதிகளுக்குள் கொண்டுவந்தது.

நம் ஊரில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ இங்கே செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பகல் வெயிலில் தீப்பிடிக்காத உடுப்பு, உள்ளுடுப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டு நின்றாலே வியர்வை கொட்டும். வெயிலுக்குப் பழக உடம்புக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். ஆகவே பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, காலை ஐந்தரை மணி ஓட்டத்தை எட்டு மணிக்கு மாற்றுவேன். முதலில் பத்து நிமிடம், மெல்ல மெல்ல அரை மணி நேரம். தலைசுற்றல், குமட்டல், வியர்வை திடீரென்று நிற்பது, இதில் எது வந்தாலும் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். அதில் வீரம் காட்டக்கூடாது.

தண்ணீரைப் பந்தயத்துக்குச் சற்று முன் மடமடவென்று குடித்துப் பயனில்லை. முந்தின நாளிலிருந்தே குடியுங்கள். உப்புப் போட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் எல்லாம் நல்லது. எனர்ஜி டிரிங்க் என்று டின்னில் வருவதைப் பிள்ளைகளுக்குத் தராதீர்கள், ஏற்கெனவே 170-ல் துடிக்கும் இதயத்தை அது இன்னும் விரட்டும். காலையில் இரண்டு மூன்று இட்லி, வாழைப்பழம். பொங்கலும் வடையும் பந்தயம் முடிந்த பிறகு.

கண்

ஒரே விதிதான். முன்னால் போகிறவனின் பம்பரைப் பார்க்காதீர்கள். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு வந்ததுமே கண் உட்புள்ளிக்குப் போய்விட வேண்டும், உட்புள்ளிக்கு வரும்போது கண் வெளியேறும் இடத்தில் இருக்க வேண்டும். கை கண்ணைத் தொடரும். சுவரில் பந்தை அடித்து ஒரு கையால் பிடிப்பது, நண்பர் எந்தப் பக்கம் போடுவார் என்று தெரியாமல் பிடிப்பது, இவை போதும்.

"நல்ல கார் இருக்கிறவன்தானே ஜெயிக்கிறான்?"

இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது, அதனால் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஃபார்முலா ஒன்னில் காரின் பங்கு மிகப் பெரியது. ஆனால் ஒரே அணியின் இரண்டு கார்களில் ஓட்டும் இரண்டு பேரைப் பாருங்கள், வித்தியாசம் அங்கே தெரியும். எல்லோருக்கும் ஒரே கார் தரும் பந்தயங்களும் உண்டு, இந்தியாவில் நடக்கும் ஃபார்முலா 4 அப்படிப்பட்டது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருவில் ஓட்டினார்களே, அதில் அந்தக் கார்களும் ஓடின. அடுத்த முறை தகுதிச் சுற்று நேரங்களை எடுத்துவைத்துக்கொண்டு பாருங்கள். ஒரே கார், ஒரே டயர், ஒரே டிராக், ஆனாலும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே நொடிக்கணக்கில் இடைவெளி இருக்கும்.

அரசாங்கத்துக்கே இதில் நீண்ட காலம் தெளிவு இருக்கவில்லை. 2009-ல் ஃபார்முலா ஒன்னை இந்தியாவுக்குக் கொண்டுவர முயன்றபோது, இது சுத்தமான விளையாட்டு இல்லை, கேளிக்கை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் சொன்னது. அடுத்த ஆண்டே, ஃபார்முலா ஒன் ஓட்டிய எங்கள் ஊர் நாராயண் கார்த்திகேயனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2013-ல் எஃப்.ஐ.ஏ.வுக்கு முழு அங்கீகாரம் தந்தது. 2019-ல் ராலி ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது, மோட்டார் பந்தயத்திலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

என்னைக் கேட்டால், இதை விளையாட்டு இல்லை என்று சொல்வதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது, அது உடம்பைப் பற்றியது இல்லை, பணத்தைப் பற்றியது. கபடி ஆட ஒரு கோடு கிழித்தால் போதும். கார்ட் ஓட்ட அப்பாவிடம் பணம் இருக்க வேண்டும். என் கபடிப் பிள்ளைகளில் கையும் கண்ணும் கார்ட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறவர்கள் உண்டு, அவர்கள் ஒருபோதும் பந்தயக் கார்ட்டில் உட்காரப்போவதில்லை. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். இந்த ஊர்ப் பந்தய வீரர் கரிவரதன் அந்தக் காலத்திலேயே இதை யோசித்தார். மாருதி எஞ்சினை வைத்துச் செலவு குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். நாராயணின் முதல் பந்தயமே ஸ்ரீபெரும்புதூரில் அந்த ஃபார்முலா மாருதி வகையில்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார், செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். அவர் விட்ட இடத்திலிருந்து யாராவது தொடர வேண்டும். பள்ளிகளுக்கு நடுவே வாடகைக் கார்ட்டில், கார்ட்டுகளைச் சீட்டுக் குலுக்கி மாற்றி மாற்றிக் கொடுத்துப் போட்டி நடத்தினால்கூட நல்ல தொடக்கமாக இருக்கும். உங்கள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பந்தய நாளும் மறுநாளும்

போட்டியில் கலந்துகொள்ள எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். மருத்துவச் சான்றும், சிறுவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலும் கேட்பார்கள். மருத்துவரிடம் போகும்போது வெறும் கையெழுத்துக்காகப் போகாமல், இரத்த அழுத்தம், கண் பார்வை, பழைய கழுத்து முதுகுக் காயங்கள் எல்லாம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கார்ட்டில் ஏறுவதற்கு இருபது நிமிடம் முன் உடம்பைச் சூடாக்குங்கள். மெதுவாக ஓடுங்கள், தோளைச் சுழற்றுங்கள், கழுத்துக்கு நான்கு பக்கமும் இலேசாக அழுத்தம் கொடுங்கள். முன்கையை அதிகம் வேலை வாங்க வேண்டாம், அது பந்தயத்துக்கு வேண்டும்.

ஏறுவதற்கு முன் உடுப்பில்லாமல் எடை பாருங்கள், இறங்கி வியர்வையைத் துடைத்ததும் மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில், இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடியுங்கள், கொஞ்சம் உப்பும் சேர்த்து. இறங்கியவுடன் உட்காரவோ படுக்கவோ வேண்டாம், ஐந்து நிமிடம் நடங்கள். சுற்று நேரச் சீட்டின் பின்பக்கம் எந்தச் சுற்றில் கை இறுகியது, எங்கே மூச்சைப் பிடித்தீர்கள் என்று அப்போதே எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போனால் மறந்துவிடும்.

மறுநாள் காலையில் கழுத்தின் பக்கங்களும் முன்கையும் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும் வலி என்றால் பயமில்லை. கையில் மரத்துப்போவது, விரல்களில் கூச்சம், மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்துவது, இவை இருந்தால் மருத்துவர் பார்க்கும் வரை கார்ட்டில் ஏறாதீர்கள்.